அம்மாவின் முழங்காலுக்கு அப்பாவின் வக்காலத்து

1961 ஜூன் 4, ஞாயிறு

இன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம்: "டாக்டர், அது அப்பாவின் முழங்கால், வலி அம்மாவுக்கு."

சொல்லியிருந்தால் அப்பா என்னைக் குற்றாலத்திலிருந்து தென்காசி வீட்டுக்கு நடந்தே வரச் சொல்லியிருப்பார்.

ஞானதுரை என்று ஒருவர். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் மின்சார வைத்தியம் பழகியவராம். சீசனுக்காகக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் இரண்டு அறை எடுத்திருக்கிறார். ஒரு மரப்பெட்டி, அதன் மேல் ஒரு திருகு, இரண்டு வயர், வயர் நுனிகளில் உப்புத் தண்ணீரில் நனைத்த துணிப்பட்டைகள். திருகைத் திருப்பினால் பெட்டி வண்டு மாதிரி ரீங்காரம் போடுகிறது. தீராத முட்டு வலிக்கு இதுதான் கடைசி மருந்து என்று கோர்ட்டில் யாரோ சொன்னார்கள். அப்பா அம்மாவையும் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். போனதும் அம்மாவை வராந்தா நாற்காலியில் உட்கார வைத்தார். அவர் மட்டும் உள்ளே போனார். நான் நிலைப்படியில் நின்றேன்.

"யாருக்கு வலி, வக்கீலய்யா?"

"வீட்டுல. இடது முட்டு. ரெண்டு வருஷமா."

"உள்ள வரச் சொல்லுங்க, பாத்துருவோம்."

"அதெல்லாம் வேண்டாம்." அப்பா வேட்டியை ஒதுக்கி, தன் இடது காலைத் தூக்கி ஸ்டூலின் மேல் வைத்தார். "இதுல வையும். எப்படி இருக்குன்னு பாத்து நான் அவளுக்குச் சொல்லுதேன்."

ஞானதுரை அந்தக் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தேன். பிறகு அவர் பட்டையை நனைத்தார். பாவம், சீசன் இப்போதுதான் ஆரம்பம்.

எங்கள் வீட்டில் பெண்கள் அந்நிய ஆணிடம் கால் காட்டுவதில்லை. போன வருஷம் ஆஸ்பத்திரியிலும் அம்மாவின் வலியை அப்பாதான் விவரித்தார். டாக்டர் அப்பாவைப் பார்த்துக்கொண்டே மாத்திரை எழுதினார். அந்த மாத்திரையில் வயிறு எரிந்தது மட்டும் அம்மாவுக்கு.

பாளையங்கோட்டை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து, பி.டி. படிப்புக்கு இடம் என்று கார்டு வந்து ஆறு நாள் ஆகிறது. ஜூலை பத்தாம் தேதிக்குள் சேர வேண்டும். திரும்பி வரும்போது வண்டியில் அப்பா தாமாகவே சொன்னார்: "உங்கம்மா ஒருத்தர் கையையும் பிடிக்காம வாசப்படி இறங்கட்டும். அன்னைக்கே நீ பெட்டியைக் கட்டிக்கோ." தேதி போட்டு எழுதி வைக்கிறேன். வாய் வார்த்தை கோர்ட்டில் நிற்காது என்று அவரே சொல்வார்.

ஜூன் 5, திங்கள்

அம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும். எழுந்தால் நடக்க இன்னொரு கை. கிணற்றடி, அடுக்களை, பூஜை அறை மூன்றுக்கும் நடுவில் மொத்தம் பதினொரு படி. யார் இந்த வீட்டைக் கட்டினார்களோ அவர்களுக்கு முழங்காலே இல்லை போலும்.

அந்த இரண்டு கைகளும் என்னுடையவை. பி.ஏ. முடித்து வந்து ஒரு வருஷம் ஆகிறது. தண்ணீர் இறைக்கிறேன், உலை வைக்கிறேன், இரவு கற்பூரத் தைலம் தேய்க்கிறேன். ஓய்ந்த நேரத்தில் படிக்கிறேன். "படிச்ச பொண்ணு வீட்டுல இருக்கது ஒரு லட்சுமிகரம்" என்று அப்பா வருகிறவர்களிடம் சொல்கிறார். படித்த பெண்ணின் உள்ளங்கையை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

ஜூன் 9, வெள்ளி

மூன்றாவது முறை. அப்பாவுக்குத்தான்.

ஒவ்வொரு தடவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார். திருகு எந்த எண்ணில் நிற்கிறது என்று நான் குறித்துக்கொள்ள வேண்டும். இன்று மூன்றரை. அப்பாவின் தொடைச் சதை துள்ளித் துள்ளி அடங்கியது. தவளைக் காலில் உலோகம் பட்டுத் துடித்ததைப் பார்த்துத்தான் இந்த வித்தையே தொடங்கியது என்று நூல்நிலையத்தில் கலைக்களஞ்சியத்தில் படித்தேன். அதற்கும் முன்னால் ரோமாபுரி வைத்தியர்கள் வாதக்காரர்களைக் கடற்கரைக்கு அழைத்துப்போய் மின்சாரம் பாய்ச்சும் மீனை மிதிக்கச் சொன்னார்களாம். நல்ல வேளை, அங்கே வலித்தவனே மிதித்தான்.

இரவுச் சாப்பாட்டில் அப்பா அம்மாவுக்கு வைத்தியத்தை விளக்கினார். முதலில் எறும்பு ஊருவது போல இருக்கும், பிறகு யாரோ உள்ளிருந்து சதையைப் பிடித்து இழுப்பது போல இருக்கும், முடிந்ததும் கால் பஞ்சாகிவிடும்.

அம்மா மோர் ஊற்றிக்கொண்டே கேட்டாள். "உங்களுக்குச் சொகமா இருந்துதா?"

"ரொம்ப."

"அது போதும்."

அப்பா திருப்தியாகக் கை கழுவினார்.

நான் கேட்டேவிட்டேன்: "பெட்டியை வாங்கி வந்து நான் அம்மாவுக்கு வைக்கட்டுமாப்பா?" பெட்டியை வெளியே தரமாட்டார்களாம். பிறகு எதற்கு எண்ணைக் குறிக்கிறோம்? "எல்லாத்துக்கும் ஒரு ரிக்கார்டு வேணும், சுந்தரி."

ஜூன் 12, திங்கள்

அப்பாவுக்கு இடது முழங்கால் வலிக்கிறது.

"இத்தனை நாள் எனக்கு வலி இருந்ததே தெரியல. கரண்டு வச்ச பொறவுதான் தெரியுது. என்ன சயன்ஸ் பாத்தியா!"

இப்போது இந்த வீட்டில் இரண்டு நோயாளிகள். சிகிச்சை ஒருவருக்கு. தைலம் தேய்ப்பது மட்டும் இரண்டு பேருக்கும் நான்.

ஜூன் 14, புதன்

சாரல். அப்பா வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்போடு நடக்கிறார் — ஏறிய கரண்டு தரையில் இறங்கிவிடக் கூடாதாம். பூஜை அறை வாசலில் மட்டும் கழற்றி, ஒற்றைக் காலில் நின்று கும்பிடுகிறார்.

ஜூன் 17, சனி

இன்று ஜெபமலரைப் பார்த்தேன். ஞானதுரையின் மனைவி, பயிற்சி பெற்ற நர்ஸ். அப்பா உள்ளே துள்ளிக்கொண்டிருந்தபோது பின்பக்கம் துணிப்பட்டைகளை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும்.

"கேக்கேன்னு தப்பா நினைக்காத தங்கச்சி. உங்க அப்பா காலுல ஒரு நோவும் இல்ல. குதிரைக் காலு. எதுக்கு வாராரு?"

சொன்னேன். ஒளிக்காமல் எல்லாவற்றையும், பாளையங்கோட்டை உட்பட. அவள் சிரிக்கவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

"பொம்பளையாளுக்கெல்லாம் நாந்தான வைக்கேன்? இந்தப் பின்னறையில. ஆம்பளை நிழலு படாது. வாசல்ல போர்டுலயே எழுதியிருக்குல்லா?"

போய்ப் பார்த்தேன். எழுதியிருக்கிறது. பெண்களுக்கு நர்ஸ் சிகிச்சை அளிப்பார் — தமிழிலும் இங்கிலீஷிலும், அரை அடி உயர எழுத்தில். அப்பா அந்தப் பலகையின் கீழே செருப்பை விட்டுவிட்டுத்தான் ஆறு முறை உள்ளே போயிருக்கிறார்.

வரும்போது கேட்டேன்.

"பாத்தேன் பாத்தேன். நர்ஸுக்கு என்ன தெரியும்? டாக்டர் பாக்கணும்."

டாக்டர் பார்க்க வேண்டும். அம்மாவைப் பார்க்கக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்தால் அப்பாவின் முழங்கால்தான் மிஞ்சுகிறது. வாதத்தில் ஓட்டையே இல்லை. முன்சீப் கோர்ட்டில் இவரைக் கண்டு ஏன் பயப்படுகிறார்கள் என்று இன்றுதான் புரிந்தது.

ஜூன் 20, செவ்வாய்

குற்றாலநாதரைப் பார்க்க வேண்டும் என்று அம்மா நேற்று சொன்னாள். நான் சொல்லச் சொன்னேன் — இல்லை, நான் பாதி சொன்னதுமே அவளே மீதியைச் சொன்னாள். சாமி கும்பிட அப்பா தடை சொல்வதில்லை. அவர் கோர்ட்டுக்குப் போன பிறகு பஸ்ஸில் போனோம். முதலில் கோயிலுக்குப் போய்விட்டோம். பொய் ஒன்றுகூடச் சொல்லவில்லை.

பின்னறையில் கட்டிலில் அம்மா காலை நீட்டினாள். புடவையை முழங்காலுக்கு மேல் ஏற்றவே ஐந்து நிமிஷம். வீங்கி, பளபளவென்று, சுரைக்காய் போல இருந்தது. தினமும் தைலம் தேய்க்கிறேன், ஆனால் இருட்டில், புடவைக்குள் கை விட்டு. நானும் இன்றுதான் பார்க்கிறேன்.

ஜெபமலர் தொடையின் மேல் ஒரு பட்டையும் முழங்காலுக்குச் சற்று மேலே ஒன்றும் கட்டினாள். திருகு ஒன்றரையைத் தாண்டவில்லை. அப்பாவின் மூன்றரையை அம்மாவுக்கு வைத்திருந்தால்? அந்த ரிக்கார்டைக் கிழித்துவிட வேண்டும்.

சதை துள்ளியது. அம்மா முதலில் என் மணிக்கட்டைப் பிடித்தாள், பிறகு விட்டாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை.

"ஏட்டி, பாருட்டி! நான் சொல்லாமலே துள்ளுது. யாரையும் கேக்காம இந்தக் காலு ஒரு காரியம் செய்யுதது இதான் மொத தடவை."

ஜெபமலர் நேராகவே சொன்னாள்: "அக்கா, கரண்டு வலியை மறக்கடிக்கும். சாயங்காலம் வரைக்கும் தாங்குனா சாமி புண்ணியம். தேஞ்ச எலும்பு வளராது, அந்த ஆசை வேண்டாம். ஆனா தொடைச் சதைக்கு பலம் வந்துட்டுன்னா முட்டுக்குப் பாரம் கொறையும். இப்போ கரண்டு இறுக்குது பாத்தியளா, அதே மாதிரி வீட்டுல நீங்களா இறுக்கணும். ஒரு துண்டைச் சுருட்டி முட்டுக்கு அடியில வச்சு அமுக்குங்க. ஒரு நாளைக்கு அம்பது தடவை."

"அம்பதா? நான் வேலையில்லாம உக்காந்திருக்கவளா?"

"காய் நறுக்கும்போது செய்யுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

பஸ்ஸில் ஏறும்போது அம்மா என் கையைப் பிடித்தாள். இறங்கும்போது கம்பியைப் பிடித்தாள்.

ஜூன் 27, செவ்வாய்

ஒரு வாரத்தில் மூன்று முறை குற்றாலநாதரைத் தரிசித்தாயிற்று. அம்மாவுக்குத் திடீரென்று இவ்வளவு பக்தி வந்ததற்கு அப்பா தன் முன்னோரைக் காரணம் சொல்கிறார்.

உள்ளதை எழுத வேண்டும். வலி போகவில்லை. கரண்டு வைத்த அன்று மாலை வரை முகம் தெளிவாக இருக்கிறது. மறுநாள் காலையில் மறுபடியும் சுவரைப் பிடிக்கிறாள். ஆனால் பிடிப்பது முன்னைவிடக் கொஞ்ச நேரம்தான். பீர்க்கங்காய் நறுக்கும்போது உதடு எண்ணிக்கொண்டிருக்கிறது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது. கேட்டால் மந்திரம் என்கிறாள்.

இன்று கொல்லைப்படி இறங்கினாள். தனியாக. நான் வாளியோடு நின்று பார்த்தேன். இன்னும் பதின்மூன்று நாள்.

ஜூன் 29, வியாழன்

காலையில் அம்மா காப்பியை எடுத்துக்கொண்டு மாடிக்கே ஏறிப் போனாள், அப்பாவின் கேஸ் கட்டுகளுக்கு நடுவில். இரண்டு வருஷமாக ஏறாத மாடி.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "ஏட்டி சுந்தரி! இங்கன வா! பாத்தியா உங்கம்மாவை! பன்னெண்டு சிட்டிங். அன்னைக்கு அந்த ஞானதுரை என்னைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சான். புருசன் பெஞ்சாதின்னா பாதி உடம்பு. இங்கன ஏத்துனா அங்கன போவும்."

அர்த்தநாரீஸ்வரரை வயர் போட்டு விளக்கிய முதல் வக்கீல் இவராகத்தான் இருக்கும்.

அம்மா டம்ளரை மேஜை மேல் வைத்தாள். "ஆமா. நீங்க பட்ட கஷ்டம் வீண் போவல."

 யார் பெயரில் தீர்ப்பு ஆனால் என்ன, எனக்குப் பாளையங்கோட்டை கிடைத்தால் சரி. பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன்.

ஜூலை 1, சனி

முட்டாள். நான்தான். இத்தனை படித்தும்.

கடையத்திலிருந்து கோமதி அத்தை வந்திருக்கிறாள். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. வியாழக்கிழமையே அப்பா கார்டு போட்டுவிட்டாராம்: மங்களம் எழுந்து நடமாடுகிறாள், இனி மேற்கொண்டு பார்க்கலாம்.

மேற்கொண்டு என்றால்? ரைஸ் மில் வீட்டுப் பையன். ஒன்றரை வருஷமாக இந்தப் பேச்சு இருந்திருக்கிறது. பொண்ணோட அம்மா மணையில் உட்கார முடியாது, பந்தியில் நிற்க முடியாது என்று தள்ளிப் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. எனக்கு எதுக்குத் தெரியணும்?

"ஆடி பொறக்க பதினஞ்சு நாளுதான் இருக்கு அண்ணாச்சி. அதுக்குள்ள நிச்சயத்தாம்பூலம் மாத்திருவோம். புதன்கிழமை மதினி வந்து மாப்பிள்ளை வீட்டைப் பாத்துட்டுப் போவட்டும். இனிமே முட்டுன்னு சொல்ல முடியாதுல்லா!"

"பி.டி.?" என்றேன்.

அத்தை என்னைத் தடவிக் கொடுத்தாள். "ஏட்டி, அங்கன உனக்குப் பாடம் சொல்லிக் குடுக்க ஆள் இல்லேன்னா நினைச்ச? மூத்தவ ரெண்டு மருமவ இருக்காளுவ, சொல்லித் தருவாளுவ."

என் காலைக் கட்டிப் போட்டிருக்கிறது என்று நான் நினைத்த அந்த முட்டுதான் இத்தனை நாள் கல்யாணம் உள்ளே வராமல் வாசலையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கு. நான்தான் பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டுபோய் அதைக் குணமாக்கினேன். என்ன செய்ய? யார்ட்ட சொல்ல? அம்மாட்ட சொன்னா என்ன சொல்லுவா? வலிக்கட்டும்னு சொல்லுவேனா?

அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உதடு எண்ணவில்லை.

ஜூலை 5, புதன்

காலை எட்டு மணிக்கு வில்வண்டி பூட்டி நின்றது. அத்தை பட்டுப் புடவையில். அப்பா ரப்பர் செருப்பில். அம்மா குங்குமம் வைத்துக்கொண்டு நடையைத் தாண்டி வந்து, முதல் படியில் கால் வைத்தாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னளா?" என்றார் அப்பா.

"பிடிச்சுக்கிட்டு."

"எது?"

"எது பிடிக்கும்? முட்டுதான்."

அத்தைக்கு மூச்சு வாங்கியது. "காலையில மாடி ஏறி எறங்குனியளே மதினி!"

"அதனாலதான் பிடிச்சுக்கிட்டு."

அப்பா படியில் குனிந்து பார்த்தார். பார்ப்பதற்குப் புடவையின் கரைதான் தெரியும். அம்மாவின் முகத்தில் எதுவும் இல்லை. நானும் பார்த்தேன். நிஜமா, பொய்யா? இருபத்திரண்டு வருஷம் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

"சரி, விடு," என்றார் அப்பா. "நான் போயிப் பாத்துட்டு வந்து உன்கிட்ட சொல்லுதேன். எல்லாம் ஒண்ணுதான்."

அம்மா நிமிர்ந்தாள். சத்தம் போடவில்லை. எங்கள் தெருவில் வீட்டுப் பெண்கள் சத்தம் போடுவதில்லை.

"கொண்டு குடுக்கிற வீட்டுல அடுக்களையும் கெணத்தடியும் தாய்க்காரிதான் பாக்கணும். அதுதான மொறை? முட்டுக்கு எனக்குப் பதிலா நீங்க போனிய, சரி. அடுக்களைக்கும் நீங்களே போவியளா? போயி என்னத்தப் பாப்பிய? பொக போற வழி தெரியுமா? கெணத்துக்கும் தொட்டிக்கும் எத்தன எட்டுன்னு பாக்கத் தெரியுமா? அங்கன என் மவ எத்தன படி ஏறி எறங்கணும்னு எண்ணிட்டு வருவியளா? இந்த வீட்டுல எத்தன படின்னு சொல்லுங்க, போதும்."

அப்பா வாசல்படியிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்தார். அத்தை மத்தியானப் பஸ்ஸில் போய்விட்டாள். ஆடி முடியட்டும், ஆவணியில் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு.

ஜூலை 8, சனி

அம்மா, அப்பாவின் ஈஸிசேருக்கு எதிரே நின்றாள். எதையும் பிடிக்காமல்.

"சுந்தரிக்குத் திங்கக்கெழமைதான் கடைசி நாளு. நான் வாசப்படி எறங்குனா அவ போவலாம்னு சொன்னிய."

"எப்போ சொன்னேன்?"

"வண்டியில."

"எழுத்துல இருக்கா?"

இருக்கிறது. இந்த நோட்டில், ஜூன் நாலாம் தேதியில். நான் காட்டவில்லை. காட்டினால் மற்றதையும் படிப்பார்.

"சரி, நீதான் புதன்கிழமை எறங்கலயே," என்றார் அப்பா.

"அது வாய்தா. நீங்க வாங்காத வாய்தாவா?"

அப்பா பேப்பரை மடித்தார், பிரித்தார். "திங்கக்கெழமை நீ இங்கேருந்து ரயிலடி வரைக்கும் நடப்பியா? யார் கையையும் பிடிக்காம?"

"நடப்பேன்."

ஜூலை 10, திங்கள்

நடந்தாள்.

நான் பக்கத்தில் போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போனேன், நீண்டுவிடுமோ என்று. அரை மைலுக்கு மேல் இருக்கும். இரண்டு இடத்தில் நின்றாள். இரண்டு இடத்திலும் யார் வீட்டுக் கோலத்தையோ பார்ப்பது போல நின்றாள். அப்பா எங்களுக்குப் பின்னால் என் பெட்டியோடு வண்டியில் வந்தார். அவருக்கு முட்டு வலி.

பிளாட்பாரத்தில் அம்மா சொன்னது: "துண்டைச் சுருட்டி வச்சு அமுக்கு. உனக்கும் ஒரு காலத்துல வரும்."

ஜூலை 19, புதன். பாளையங்கோட்டை, விடுதி

இரண்டு கடிதம்.

அப்பா எழுதியிருக்கிறார்: இவ்விடம் அனைவரும் க்ஷேமம். உன் தாயார் சௌக்கியம். எனக்கு வலது முழங்காலிலும் தொடங்கியிருக்கிறது. தண்ணீர் எடுக்கவும் வீட்டு வேலைக்கும் சொக்கம்மாள் என்று ஒருத்தியை அமர்த்தியிருக்கிறோம். நன்றாகச் செய்கிறாள்.

இரண்டு வருஷத்தில் இது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்.

ஜெபமலர் எழுதியிருக்கிறாள்: ரயிலடிக்கு நடந்த மறுநாள் அம்மாவால் காலை ஊன்ற முடியவில்லை. வீக்கம் தொடை வரைக்கும் ஏறிவிட்டது. நான்கு நாள் படுக்கை. அப்பாவே ஆள் அனுப்பி அவளை வரவழைத்திருக்கிறார், பெட்டியோடு. அம்மா நேற்றுத்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடி வரைக்கும் போனாளாம். உனக்கு எழுதக் கூடாது என்று அம்மா சொன்னார்கள், எழுதாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

இரண்டு முறை படித்தேன். நான் தென்காசிக்குப் போகவில்லை.